கழுத்தில் ஏறிய காற்று

ராசிங்காபுரம் மேற்குத் தெருவில் விடியற்காலை நாலரை மணிக்கு யாரும் அலாரம் வைத்துக்கொள்வதில்லை. மாயக்காள் வாசலில் இறங்கி, "ஏ பொற்கொடி, ஜீப்பு வந்துருச்சுடி! வெரசா வாடி!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பத்து வீட்டில் விளக்கு எரியும். ஏலக்காய் எடுக்கப் போகும் பன்னிரண்டு பெண்களை மலைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது அவருடைய பொறுப்பு. காமராஜ் ஓட்டும் ஜீப்பில் போடி வழியாக ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, எட்டு மணிக்குள் தோட்டத்தில் இறங்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே வழியில் இறக்கம். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு.

இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வாயில் புகையிலை ஓயாது. அது போதாதென்று, தோட்டத்துக் கொட்டகையில் காவல்காரர் போட்டுத் தரும் பால் ஊற்றாத கட்டன் சாயாவை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குடிப்பார். மற்ற பெண்கள் ஊதி ஊதி ஒரு வாய் குடிப்பதற்குள் அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செடிக்குள் போய்விடுவார். அந்தச் சூடு அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

கணவர் அமாவாசை நேர் எதிர். இரண்டு பசுமாடுகளையும் முக்கால் ஏக்கர் நிலத்தையும் பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். ஒரே மகள் முத்துப்பிரியா சிலமலையில் வாக்கப்பட்டிருக்கிறாள். வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார்.

நோய் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு மீன் முள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகை அணையிலிருந்து வந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்திருந்தார் மாயக்காள். சாப்பிடும்போது முள் சிக்கிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தார். வாழைப்பழத்தை விழுங்கிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்தும் நெஞ்சுக்குள் குத்தியது. தேனியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி, முள்ளைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். ஆனால் ஆளை அனுப்பவில்லை.

"முள்ளு போச்சும்மா. அதுக்கு ஒரு சாண் கீழ, குழாய்க்குள்ள ஒரு எடம் செவந்து கெடக்கு. எனக்கு அது சரியாப் படல. கிள்ளி டெஸ்டுக்கு அனுப்புறேன்."

"சூடு புடிச்சிருக்கும் டாக்டரு. ரெண்டு நா மோரு குடிச்சாச் சரியாப் போகும்" என்றார் மாயக்காள்.

பத்து நாளில் முடிவு வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம்.

மாயக்காள் நம்பவில்லை. வலி இல்லை, இளைக்கவில்லை, சோறு இறங்குகிறது, மலை ஏறுகிறார். இதில் நோய் எங்கே இருக்கிறது? அமாவாசைதான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மதுரை மருத்துவமனையில் அவர்களைப் பார்த்தது தஸ்னீம் என்ற பெண் டாக்டர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ராசிங்காபுரமா? நான் போடிதாம்மா. எங்க வாப்பா ஏலக்கா கடை வச்சிருந்தாக."

"அப்ப நான் எடுத்த காய எத்தன தடவ சலிச்சிருப்பாகளோ" என்றார் மாயக்காள். அதன் பிறகு அவருக்கு அந்த டாக்டரிடம் பயம் இல்லை.

தஸ்னீம் ஒரு தாளில் குழாயை வரைந்து காட்டினார். உணவுக்குழாயின் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது, வெங்காயம் மாதிரி. நோய் உள்பக்கத்து முதல் அடுக்கில் மட்டும் இருப்பது போலத் தெரிகிறது. அதனால் நெஞ்சைத் திறக்க வேண்டாம். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே கேமராக் குழாயை இறக்கி, அந்த அடுக்கை மட்டும் கத்தியால் உரித்து எடுத்துவிடலாம். இரத்தம் வரலாம். சுவர் மெல்லிசு, ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கவும் கூடும். இது மூன்றையும் டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அமாவாசை மூன்றுக்கும் தலையாட்டினார். மாயக்காளின் காதில் விழுந்தது நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்பது மட்டும்தான். இதை அவரே பின்னால் ஒத்துக்கொண்டார்.

குறித்த நாளில் காமராஜும் கூட வந்திருந்தார். அன்று அவருக்குப் பதில் வேறு ஓர் ஆள் ஜீப் ஓட்டினார். காலை ஒன்பது மணிக்கு மாயக்காளை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. உள்ளே போன ஒரு நர்ஸ் அவசரமாகத் திரும்பி வந்து யாருக்கோ போன் செய்தாள். சற்று நேரத்தில் வயதான அறுவை மருத்துவர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எண்ணே, சாயா குடிச்சிட்டு வருவமா?" என்று கேட்டார் காமராஜ்.

"நீ போ. நான் எந்திரிச்சுப் போற நேரம் பாத்துத்தான் அந்தக் கதவு தொறக்கும்" என்றார் அமாவாசை.

உள்ளே நடந்தது இது. பழுப்பு நிற மருந்து ஒன்றைக் குழாய்க்குள் தெளித்தால் நல்ல இடத்தில் நிறம் ஏறும், கெட்ட இடம் வெளிறி நிற்கும். தெளித்துப் பார்த்தபோது நோய் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. குழாயைச் சுற்றி முக்கால் வட்டம் ஓடியிருந்தது. தஸ்னீம் ஓரத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார். பாதி வழியில் ஓர் இரத்தக்குழாய் பிய்த்துக்கொண்டு, திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அதைச் சுட்டு அடைக்கவே இருபது நிமிஷம் ஆனது. பிறகு மெல்ல மெல்ல முக்கால்வாசி வந்துவிட்டது. முதலில் டெஸ்டுக்குக் கிள்ளிய இடத்தில் மட்டும் தழும்பு ஏறி, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த இடத்தைப் பிரிக்கும்போது கத்தி கீழே உள்ள தசையைத் துளைத்துவிட்டது. மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை.

உணவுக்குழாயை விரித்துப் பார்ப்பதற்காக உள்ளே செலுத்தும் வாயு அந்த ஓட்டை வழியாக வெளியேறி, நெஞ்சுக்குள் பரவி, கழுத்துத் தோலுக்கடியில் ஏறியது. தலைமாட்டில் நின்ற மயக்க மருத்துவர்தான் முதலில் கண்டார். "கழுத்து வீங்குது" என்றார். விரல் வைத்து அழுத்தினால் நறநறவென்று சத்தம்.

தஸ்னீம் கையை நிறுத்தினார். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரவில்லை என்று உறுதி செய்த பிறகு, சின்னச் சின்ன உலோகக் கவ்விகளை வைத்து ஓட்டையின் இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து கவ்விகள் தேவைப்பட்டன. அறுவை மருத்துவர் பக்கத்தில் நின்று, நெஞ்சைத் திறக்க வேண்டி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. மிச்சம் இருந்த ஓரத்தையும் உரித்து எடுத்துவிட்டுத்தான் தஸ்னீம் கேமராக் குழாயை வெளியே இழுத்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. டாக்டரே வந்தார். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"ஐயா, நோய் இருந்த எடத்த முழுசா எடுத்துட்டேன். எடுக்கையில ஒரு ஓட்ட விழுந்துருச்சு. அத அடைச்சிட்டோம். காத்து ஏறிக் கழுத்தும் மூஞ்சியும் வீங்கியிருக்கு. பாத்துப் பயந்துராதீங்க. ஆனா இந்த நாலஞ்சு நாளும் கவனமா இருக்கணும்."

"உசுருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல. காய்ச்சல் வராம இருக்கணும். வந்தா ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

அமாவாசை கையெடுத்துக் கும்பிட்டார். காமராஜுக்குக் கோபம் வந்தது. "ஓட்டையப் போட்டுட்டு வந்து சொல்றாக, நீங்க கும்புடுறீக" என்று டாக்டர் போன பிறகு முணுமுணுத்தார். "அவுகளா வந்து சொன்னாகள்ல" என்றார் அமாவாசை.

மாயக்காளுக்கு நினைவு திரும்பியபோது கன்னமும் கழுத்தும் ஒன்றாகியிருந்தன. கண்ணைப் பாதிதான் திறக்க முடிந்தது. வாயைத் திறந்தால் அவருடைய குரல் வரவில்லை. குழந்தை மூக்கால் பேசுவது போல ஏதோ வந்தது. கழுத்தைத் தொட்டவர் தோலுக்கடியில் சத்தம் கேட்டுக் கையை உதறினார். பார்க்க வந்த முத்துப்பிரியா வெளியே போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சோறு இல்லை, தண்ணீர் இல்லை. எச்சிலைக் கூட விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். எல்லாம் கைநரம்பு வழியாகத்தான். முதல் நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தது. தஸ்னீம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நேரே அமாவாசையிடம் வந்து, "காய்ச்சல் வந்துருச்சு. ஸ்கேன் எடுக்கிறோம்" என்றார். ஓட்டைக்கு வெளியே கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது. மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் முழுக்கக் காய்ச்சல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டியது. நெஞ்சைத் திறப்பது பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்தது. அறுவை மருத்துவர் நாளைக்குக் காலை வரை பார்க்கலாம் என்றார்.

நான்காம் நாள் காலை நர்ஸ் வெப்பமானியை எடுத்துப் பார்த்து, உதறி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அன்று மதியமும் இல்லை.

ஏழாம் நாள் எக்ஸ்ரே திரைக்கு முன் நிற்க வைத்து ஒரு மருந்துத் தண்ணீரை விழுங்கச் சொன்னார்கள். கசப்பும் இனிப்புமாக ஒரு வாய். அது கறுப்புக் கோடாக இறங்குவதைத் தஸ்னீம் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். கவ்விகள் இருந்த இடத்தைத் தாண்டியது. ஒரு துளி கூட வெளியே கசியவில்லை.

"அடைஞ்சிருச்சும்மா. தண்ணி குடிங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு குடித்த முதல் மடக்குத் தண்ணீரைப் பற்றி மாயக்காள் இப்போதும் சொல்வார். பச்சைத் தண்ணீர்தான். அது எங்கெங்கே போகிறது என்று உள்ளே தடம் தெரிந்ததாம்.

ஊருக்குப் புறப்படும் நாளில் உரித்தெடுத்த அடுக்கின் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. ஓரங்கள் சுத்தம். நோய் ஆழமாக இறங்கவில்லை. இரத்தக்குழாய்க்குள் போகவில்லை. இதற்கு மேல் மருந்தோ கதிர்வீச்சோ தேவையில்லை. அமாவாசை ஆஸ்பத்திரி வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தார். "ஒண்ணும் இல்லியாம்" என்று மூன்று தடவை சொன்னார்.

சந்தோஷத்தில், டாக்டர் கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அகலமாக உரித்ததால் ஆறும்போது குழாய் சுருங்கும். சுருங்காமல் இருக்கத் தரும் மாத்திரையை, ஓட்டையும் காய்ச்சலும் இருந்ததால் தர முடியவில்லை. சோறு சிக்கினால் ஒரு நாள் கூடத் தள்ளாமல் வர வேண்டும். எப்படியிருந்தாலும் மூன்றாவது வாரம் வந்து காட்ட வேண்டும்.

மூன்றாவது வாரம் இட்லி சிக்கியது. மாயக்காள் தண்ணீர் குடித்துத் தள்ளிவிட்டார். மறுநாளும் சிக்கியது. அவர் மனதில் ஒரே நினைப்புதான்: திரும்ப வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டபோது, "நல்லாருக்கேன் தாயி, அடுத்த மாசம் வர்றேன்" என்றார். அமாவாசையிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் மோர், ராத்திரி ரசத்தில் கரைத்த சோறு. வீட்டில் பரிமாறுகிறவர் என்ன சாப்பிடுகிறார் என்று யார் பார்க்கிறார்கள்? ஆறாவது வாரம், உடம்பு தேறிவிட்டது என்று சொல்லி ஜீப்பில் ஏறி மலைக்கும் போய்விட்டார்.

கண்டுபிடித்தது பொற்கொடி. அவருக்கு மாயக்காள் பக்கத்து வீட்டு மதினி. மத்தியானம் கொட்டகையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது, அடுத்தவள் குழம்பில் கைவிட்டு ருசி பார்க்காமல் மாயக்காள் சாப்பிட்டதே கிடையாது. இப்போது அவர் தூக்கைத் திறக்காமலே, "எனக்குப் பசிக்கல, நீங்க பிரிச்சுக்கங்கடி" என்கிறார். நாலு நாள் பார்த்தார் பொற்கொடி. ஐந்தாவது நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்த மாயக்காள் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் அப்படியே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் திரும்பி வந்தது.

பொற்கொடி காய்ப்பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "மதினி! எத்தன நாளா இப்பிடி?"

"சத்தம் போடாதடி."

"எத்தன நாளான்னு கேக்குறேன்!"

"மூணு வாரம் இருக்கும். அவருக்குச் சொல்லிறாத. போனா திரும்ப வந்துருச்சும்பாக. இன்னொருக்கா அந்தக் குழாய என்னால தாங்க முடியாது புள்ள. இருக்கிற வரைக்கும் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

பொற்கொடி யாரைக் கேட்கவும் நிற்கவில்லை. காமராஜைக் கூப்பிட்டு ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி, மற்றப் பெண்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, மாயக்காளை நேரே வீட்டில் கொண்டுவந்து இறக்கி அமாவாசையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அமாவாசை சத்தம் போட்டதை அந்தத் தெரு அன்றுதான் கேட்டது. "ஏழு நா அந்தக் கதவப் பாத்து ஒக்காந்திருந்தேன்! நீ சோறு திங்காம நானும் சோறு திங்கல, தெரியுமா ஒனக்கு? இப்ப எங்கிட்ட மறைக்கிறியா? செத்துப் போறதுக்கு யாரக் கேட்ட நீ?" மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருந்த வாளியை எட்டி உதைத்தார். மாயக்காள் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் பேசாமல் நின்றார். அன்றைக்கே மதுரைக்குப் புறப்பட்டார்கள்.

மறுநாள் காலை தஸ்னீம் மெல்லிய குழாயை இறக்கிப் பார்த்தார். அந்தக் குழாய் கூடப் போகவில்லை. உணவுக்குழாய் பேனாவின் ரீஃபில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கூர்ந்து பார்த்துவிட்டு, மாயக்காளை எழுப்பி உட்கார வைத்தார்.

"மாயக்காம்மா, என்னப் பாருங்க. நோய் திரும்ப வரல."

மாயக்காள் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது தழும்பு. கையில தீக்காயம் பட்டா ஆறையில தோல் இழுத்துக்கும்ல? அது மாதிரி உள்ள இழுத்துக்கிச்சு. அவ்வளவுதான். நான் சொன்னேனே, ஞாபகம் இல்லையா?"

"புத்து இல்லியா?"

"இல்லம்மா. பலூன் வச்சு விரிச்சு விட்டாச் சரியாப் போகும். மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்திருந்தா இன்னும் சுளுவா முடிச்சிருக்கலாம்."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையாகிவிட்டது. "தழும்புக்காடி இந்தப் பயம் பயந்தேன்" என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரை 'டி' போட்டுப் பேசிவிட்டதைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தஸ்னீமும் சிரித்துவிட்டார்.

சரியாவது ஒரு நாளில் முடியவில்லை. சுருட்டிய பலூனைச் சுருங்கிய இடத்தில் வைத்துத் தண்ணீரால் நிரப்பினால் அது விரியும். ஒரேயடியாக விரித்தால் மறுபடியும் கிழியும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஏழு தடவை. முதல் தடவை முடிந்ததும் கஞ்சி தடையில்லாமல் இறங்கியது. மூன்றாவதுக்குப் பிறகு குழைந்த சோறு. ஐந்தாவது முடிந்து மூன்றே நாளில் மறுபடியும் இட்லி சிக்கியது. இந்த முறை மாயக்காள் மறைக்கவில்லை. கை கழுவுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "சிக்கிருச்சு தாயி, என்னைக்கு வர?" என்று கேட்டார். ஏழாவதுக்குப் பிறகு சிக்கவில்லை.

புகையிலையை விட்டதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்ததாம். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை விட்டார். இப்போது ஜீப்பில் யார் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாலும், "தொண்டைக்குள்ள அஞ்சு கிளிப்பு மாட்டணுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறார். பெண்கள் அவருக்குத் தெரியாமல் பின்சீட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் இரண்டாம் வருஷத்துப் பரிசோதனை. மருந்தைத் தெளித்துப் பார்த்தார்கள். குழாய் முழுக்க ஒரே நிறமாக ஏறியது. தஸ்னீம் அமாவாசையையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பழுப்பும் பளபளப்புமாக ஒரு சுரங்கம் மாதிரி இருந்தது. அமாவாசை திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சின்னதா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்ய்யா. இனி அடுத்த வருஷம் வந்தாப் போதும்."

திரும்பும் பஸ்சில் கூட்டம் இல்லை. உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னல் வழியே மேற்கில் மலை தெரிய ஆரம்பித்தது. அமாவாசை அந்த மருத்துவச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மாட்டைப் பற்றி, கிணற்றில் தண்ணீர் இறங்கியதைப் பற்றி, சிலமலையில் பேரன் நடக்கத் தொடங்கியதைப் பற்றி ஒன்று விடாமல் பேசிக்கொண்டே வந்தார். மாயக்காள் தேனி வரும் வரை குறுக்கே பேசவில்லை.